பழைய டீசல் பிக்கப் காலைல மக்கர் பண்ணுதா? பம்ப்பக் கழட்டறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

டீசல் பிக்கப் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதுன்னு சொன்ன உடனே நம்மூர்ல ரெண்டே பதில்தான் வரும், ஒண்ணு பேட்டரி போச்சு, இல்லாட்டி பம்ப்பு (டீசல அழுத்தி நாசிலுக்கு அனுப்பற பம்ப்பு) போச்சு. ரெண்டுமே காசு புடிக்கற பதில். புது பேட்டரி போட்டு ஒரு வாரம் நல்லா ஓடும், அப்புறம் பழையபடி அதே கதை, உடனே பம்ப்ப கழட்டி சர்வீஸுக்குக் குடுப்பாங்க, அங்க அவங்க எலிமெண்ட் தேஞ்சிருக்கு டெலிவரி வால்வு போயிருக்குன்னு ஒரு பெரிய லிஸ்ட் போடுவாங்க, அதையும் பண்ணி மாட்டினப்புறம் பாத்தா காலைல அதே கிர்ர் கிர்ர். பெரும்பாலும் கோளாறு பேட்டரிலயும் இருக்காது பம்ப்புலயும் இருக்காது, ரெண்டுக்கும் நடுவுல ஏதாவது ஒரு வயர்லயோ வாஷர்லயோ ஓஸ்லயோ இருக்கும். அது எங்கன்னு வண்டியே சொல்லிரும். எப்ப மக்கர் பண்ணுது, அப்ப சைலன்சர்ல என்ன புகை வருது, இந்த ரெண்டு மட்டும் ஒழுங்கா கவனிச்சாலே பாதி வேலை முடிஞ்சுது.

நான் இங்க சொல்றது பழைய மெக்கானிக்கல் பம்ப்பு வண்டிங்களப் பத்தி மட்டும்தான். டாடா 207 டிஐ, 2523 சிசி டிஐ (டீசல் நேரா பிஸ்டன் மேல விழற வகை) இன்ஜின் போட்ட பழைய பொலிரோ பிக்கப், கேம்பர், அந்த மாதிரி. இசிஎம் (இன்ஜினுக்கான கம்ப்யூட்டர்), சென்சர், காமன் ரெயில் (எல்லா நாசிலுக்கும் ஒரே பைப்புல அதிக அழுத்தத்துல டீசல் நிக்கற முறை) இருக்கற வண்டிக்கு இதுல பாதி பொருந்தாது, சில விஷயம் செஞ்சா ஆபத்து கூட, அத அந்த இடத்துல சொல்றேன்.

முதல்ல டீசல் எப்படிப் பத்துதுன்னு தெரிஞ்சுக்கணும், இல்லாட்டி மத்ததெல்லாம் குருட்டாம்போக்குதான். பெட்ரோல் வண்டில பிளக்கு பொறி அடிக்கும், டீசல்ல பொறியே கிடையாது. பிஸ்டன் மேல வரும்போது உள்ள இருக்கற காத்த 17ல இருந்து 22 பங்கு வரைக்கும் நசுக்குது, அந்த அமுக்கத்துலயே காத்து சூடாகுது (சைக்கிளுக்கு காத்து அடிக்கும்போது பம்ப்போட அடிப்பக்கம் சுடுமே, அதேதான்), அந்த சூட்டுக்குள்ள நாசில் டீசல பொடியா பீச்சுது, அது தானா பத்திக்குது. டீசல் லேசா பத்திக்க 250 டிகிரி கிட்ட போதும்னு சொல்வாங்க, ஆனா செல்ஃப் (இன்ஜின சுத்திவிடற ஸ்டார்ட்டர் மோட்டார்) சுத்தற அந்த கண்ணிமைக்கற நேரத்துக்குள்ள பத்தணும்னா சூடு அதவிட ரொம்ப கூட வேணும். அப்ப மூணு விஷயம் சேர்ந்து வரணும். இன்ஜின் வேகமா சுத்தணும், காத்து கசியாம அமுங்கணும், டீசல் சரியான நேரத்துல நல்ல தூறலா விழணும்.

இதுல வேகமா சுத்தறதுங்கறத ரொம்பப் பேரு கண்டுக்கறதே இல்ல. செல்ஃப் சுத்துது இல்ல, அப்புறம் என்னன்னு விட்டுடறாங்க. மெதுவா சுத்துனா நசுங்கற காத்துக்கு பிஸ்டன் ரிங் ஓரமா கசிஞ்சு போக நேரம் கிடைக்குது, இருக்கற சூடும் பச்சத்தண்ணியா இருக்கற சிலிண்டர் சுவத்துக்குப் போயிருது, கடைசில டீசல் விழும்போது அதப் பத்தவைக்கற சூடு அங்க இல்ல. வண்டிக்கு வண்டி கணக்கு மாறும், ஆனா மோட்டா கணக்குக்கு நிமிஷத்துக்கு 150 சுத்துக்குக் கீழ போச்சுன்னா வயசான இன்ஜின் சண்டித்தனம் பண்ண ஆரம்பிச்சிரும். காதுல கேட்டு வித்தியாசம் கண்டுபிடிக்கறது கஷ்டம்தான், பக்கத்துல அதே மாடல் நல்ல வண்டி ஒண்ணு ஸ்டார்ட் பண்ணும்போது கேட்டுப் பாத்தீங்கன்னா உடனே புரியும்.

இப்ப புகைக்கு வருவோம். ஒருத்தர உள்ள உக்காரவச்சு செல்ஃப் அடிக்கச் சொல்லிட்டு நீங்க பின்னாடி போய் சைலன்சர் வாய்ல நில்லுங்க. புகையே இல்லாம வெறும் காத்து மட்டும் வந்துச்சுன்னா டீசல் சிலிண்டருக்குள்ளயே போகல, அப்ப கம்ப்ரஷன் (காத்து அமுங்கற அழுத்தம்), ஹீட்டர் பிளக்கு (குளிர்ல உள்ள சூடாக்கற பிளக்கு), போர் (சிலிண்டர கடைஞ்சு சரி பண்றது) இதப்பத்தியெல்லாம் பேசறதே வீண், டேங்க்ல ஆரம்பிச்சு நாசில் வரைக்கும் டீசல் எங்க நிக்குதுன்னு பாருங்க. வெள்ளையா, கண்ணு எரியற பச்ச டீசல் வாடையோட குபுகுபுன்னு வந்துச்சுன்னா டீசல் போகுது ஆனா பத்தல, அதாவது உள்ள சூடு போதல, செல்ஃப் ஸ்பீடு, ஹீட்டர் பிளக்கு, கம்ப்ரஷன், டைமிங் (டீசல் விழற நேரம்), இந்தப் பக்கம் பாக்கணும். கருப்பா வந்தா டீசல் ஜாஸ்தி காத்து கம்மி, ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கும் இல்லாட்டி நாசில் ஒழுகும், ஆனா ஸ்டார்ட்டிங் ட்ரபிளுக்கு கருப்பு அவ்வளவா வராது. இந்த ஒரு சோதனைக்கு பைசா செலவில்ல, ஸ்பேனர் வேண்டாம், ஆனா பம்ப்பு கழட்டறதுக்கு முன்னாடி இத பாத்துட்டு கழட்டறவங்க ரொம்பக் கம்மி.

இன்னொரு பைசா செலவில்லாத சோதனை, உருட்டி ஸ்டார்ட் பண்றது. நைட்டு சரிவுல நிறுத்தி வச்சு காலைல ரெண்டாவது கியர்ல கிளட்ச்ச விட்டு கிளப்பற டிரைவருங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க. அவங்களுக்கு அது பழக்கம், பாக்கறவனுக்கு அது சாட்சி. செல்ஃப்ல அரை மணி நேரம் அடிச்சும் கிளம்பாதது ரெண்டு மீட்டர் உருண்டதுமே கிளம்புச்சுன்னா டீசல் லைன்ல ஒண்ணும் பெருசா இல்லன்னு அர்த்தம். செல்ஃப் போதுமான வேகத்துல சுத்தல, இல்லாட்டி கம்ப்ரஷன் கொஞ்சம் அடிபட்டு இருக்கு, உருள்ற வேகம் அந்தக் குறைய மூடிருது. உருட்டியும் உடனே கிளம்பாம ரொம்ப தூரம் இழுத்தப்புறம் ஒவ்வொரு சிலிண்டரா பத்தி வருதுன்னா டீசல் லைன்ல காத்து (ஏர்) புகுந்திருக்கான்னு பாருங்க.

செல்ஃப் ஸ்பீடு கம்மின்னு சந்தேகம் வந்தா மல்டிமீட்டர் எடுங்க, சாதா மீட்டர் போதும். ராத்திரி நின்ன வண்டில பேட்டரி முனைல வச்சா 12.6 வோல்ட் கிட்ட இருக்கணும், 12.2ன்னா பாதிதான் சார்ஜ். அப்புறம் இன்ஜின் கிளம்பிராம இருக்க, இன்ஜின அணைக்கற ஸ்டாப் கேபிள இழுத்துப் புடிச்சுக்கிட்டு, இல்லாட்டி பம்ப்பு சோலனாய்டு (டீசல திறந்து மூடற கரண்ட் வால்வு) வயர உருவி விட்டுட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பாருங்க. 10 வோல்ட் சுத்துவட்டாரத்துல நின்னா பேட்டரி பரவால்ல. 9.6க்குக் கீழ சரசரன்னு இறங்குச்சுன்னா பேட்டரி போயிருக்கும், இல்லாட்டி செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி கரண்ட் குடிக்குது. செல்ஃப்ல புஷ் (தண்டத் தாங்கற வளையம்) தேஞ்சிருச்சுன்னா ஆர்மேச்சர் (உள்ள சுத்தற பாகம்) ஒரு பக்கமா சாஞ்சு உள்ள இருக்கற காயில் கட்டைல உரசும், கரண்ட நல்லா இழுக்கும் ஆனா சுத்தாது, அப்ப புது பேட்டரி போட்டாலும் அதையும் சீக்கிரம் தின்னுரும்.

இப்ப பேட்டரி முனைல பத்தரை வோல்ட் நிக்குது, ஆனா செல்ஃப் சோம்பேறியா சுத்துதுன்னு வைங்க. இங்கதான் எல்லாரும் கோட்ட விடற இடம். செல்ஃப் அடிக்கும்போது 200, 300 ஆம்பியர் கேபிள்ல ஓடுது. அந்த வழில எங்கயாவது ஒரு ஓம்ல நூத்துல ஒரு பங்கு தடை இருந்தா போதும், 250 ஆம்பியருக்கு ரெண்டரை வோல்ட் அங்கயே காணாமப் போயிரும், செல்ஃபுக்குக் கிடைக்கறது மிச்சம்தான். இந்தத் தடைய சும்மா மீட்டர ஓம்ல வச்சு கண்டுபிடிக்க முடியாது, கரண்ட் ஓடும்போதுதான் தெரியும். அதனால மீட்டர் வோல்ட்லயே இருக்கட்டும், ஒரு முனைய பேட்டரி பாசிட்டிவ் ஈயக் கட்டை மேலயே வைங்க (கிளிப் மேல இல்ல), இன்னொண்ண செல்ஃப் மோட்டார்ல கேபிள் வந்து சேர்ற போல்ட் மேல வச்சு அடிக்கச் சொல்லுங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டுச்சுன்னா அந்த வழில எங்கயோ கோளாறு. அதே மாதிரி பேட்டரி நெகட்டிவ் கட்டைலயிருந்து இன்ஜின் பிளாக்குக்கு, அங்க 0.3க்கு மேல வரக்கூடாது.

இந்த எர்த்து (நெகட்டிவ்) பக்கம்தான் பழைய வண்டிங்க அதிகமா மாட்டும். இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல உக்காந்திருக்கு, சேஸிஸுக்கும் அதுக்கும் கரண்ட் போக ஒரு பட்டை வயர் மட்டும்தான் வழி. கிளட்ச் வேலை பாக்கும்போது அதக் கழட்டுவாங்க, மாட்ட மறந்துருவாங்க, இல்லாட்டி துரு மேலயும் பெயிண்ட் மேலயும் வச்சு முடுக்கிருவாங்க. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு தக்காளி ஏத்தற ஒரு 207, காலைல நாலு மணிக்கு கூலிக்காரங்க நாலு பேர் தள்ளித்தான் தினமும் கிளம்பும். டிரைவர் தம்பி, "அண்ணே ரெண்டு பேட்டரி மாத்தியாச்சு, செல்ஃபும் சர்வீஸ் பண்ணியாச்சு, இனி பம்ப்புதான்னு சொல்றாங்க"ன்னு நின்னான். பாத்துக்கிட்டு நின்ன ஒரு வயசான எலக்ட்ரீஷியன் மீட்டரெல்லாம் எடுக்கல. "நீ அடிச்சுக்கிட்டே இருப்பா"ன்னு சொல்லிட்டு பானெட்டுக்குள்ள கைய விட்டு ஆக்சிலேட்டர் கேபிள தொட்டாரு, தொட்ட வேகத்துல கைய எடுத்துட்டாரு. கேபிள் உறை இளகி இன்ஜின் பக்கம் ஒட்டிப் போயிருந்துச்சு. செல்ஃபுக்குப் போற கரண்ட் திரும்பி வர எர்த்து பட்டை இல்லாம அந்த மெல்லிசு கம்பி வழியா வந்திருக்கு. பழைய கேபிள் ஒண்ண வெட்டி பிளாக்குக்கும் சேஸிஸுக்கும் நடுவுல துருவ சொறண்டி மாட்டினாரு. அன்னைக்கு தள்ளறதுக்கு நின்ன ஆளுங்க டீ குடிக்கப் போயிட்டாங்க.

சோலனாய்டு வயர் பத்தி சொன்னேன் இல்ல, அதுல ஒரு சின்ன சமாச்சாரம். ரோட்டரி பம்ப்புல (ஒரே ரோட்டர் சுத்தி எல்லா சிலிண்டருக்கும் டீசல பிரிச்சுக் குடுக்கற வகை) சாவி போட்டதும் டக்குனு ஒரு சத்தம் கேக்கணும், அதுதான் டீசல திறந்துவிடற சோலனாய்டு. சத்தமே இல்லன்னா ஃபியூஸ், வயர் பாருங்க. சத்தம் வருது ஆனா செல்ஃப் அடிக்கும்போது வோல்ட்டேஜ் ரொம்ப இறங்குச்சுன்னா அது மறுபடி மூடிக்கும், அப்ப செல்ஃப் சுத்தும் டீசல் போகாது, புகையும் வராது. பாக்கறவங்க பம்ப்பு போச்சும்பாங்க, குத்தவாளி பேட்டரி கிளிப்புல வெள்ளையா பூத்திருக்கற உப்பு. இன்லைன் பம்ப்புல (சிலிண்டருக்கு ஒண்ணா பிளஞ்சர் வரிசையா நிக்கற வகை) ஸ்டாப் கேபிள் பாதில சிக்கி நிக்கறதும் இதே வேலைய பண்ணும்.

சரி, செல்ஃப் நல்லா சுத்துது. இனிமே டீசல்.

ராத்திரி நிறுத்தி காலைல அடிச்சா ஒரே அடில கிளம்பி ரெண்டு மூணு செகண்ட் ஓடி அமந்துரும், அப்புறம் எவ்வளவு அடிச்சாலும் வராது, கைப்பம்ப்பு (கையால அமுக்கி லைன்ல டீசல் ஏத்தறது) அடிச்சா கிளம்பும், பகல் பூரா ஒரு குறையும் இருக்காது. இந்தக் கதைய யார் சொன்னாலும் யோசிக்கவே வேண்டாம், லைன்ல எங்கயோ வெளிக்காத்து உள்ள புகுது, இததான் ஏர் எடுக்குதும்பாங்க. பைப்புலயும் பம்ப்புலயும் நின்ன கொஞ்சூண்டு டீசல்ல முதல் ரெண்டு செகண்ட் ஓடுது, பின்னாடி வர்றது காத்து. ராத்திரி பூரா எங்கயோ ஒரு ஓட்டை வழியா காத்து உள்ள போய் அந்த எடத்துல இருந்த டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிருச்சு. வண்டிய மூக்கு மேல பாக்கற மாதிரி சரிவுல நிறுத்துனா இன்னும் மோசமாகும், டேங்க் ஃபுல்லா இருந்தா கொஞ்சம் பரவால்லாம இருக்கும், இதையும் டிரைவர்கிட்ட கேட்டு வச்சுக்கங்க.

இதுல பெரிய தொல்லை என்னன்னா இந்த ஓட்டை ஒழுகாது. டேங்க்லயிருந்து ஃபீட் பம்ப்பு (டேங்க்லயிருந்து டீசல உறிஞ்சி பெரிய பம்ப்புக்கு அனுப்பற சின்ன பம்ப்பு) வரைக்கும் இருக்கற பைப்பு உறிஞ்சற பக்கம், அங்க ஓட்டை இருந்தா டீசல் வெளிய வராது, காத்துதான் உள்ள போகும். நல்லா காஞ்சு சுத்தமா இருக்கும், பாத்தா சந்தேகமே வராது. அதுலயும் ரோட்டரி பம்ப்பு போட்ட வண்டில பல நேரம் உறிஞ்சற வேலையே பம்ப்புக்குள்ள இருக்கும், அப்ப ஃபில்டர் தலை, கைப்பம்ப்பு, தண்ணி பிரிக்கற கிண்ணம் எல்லாமே உறிஞ்சற பக்கம்தான். ஃபில்டர் மாத்தின மறுநாள்லயிருந்து ட்ரபிள்னா வேற எங்கயும் போக வேண்டாம், பழைய ரப்பர் ரிங்கு தலையோட ஒட்டிக்கிட்டு நின்னு அதுமேல புது ரிங்கும் ஏறி உக்காந்திருக்கும், இல்லாட்டி அடில தண்ணி திறந்துவிடற ஸ்க்ரூ சரியா முடுக்கல.

கண்டுபிடிக்கற வழி சுலபம். கொத்தனாருங்க லெவல் பாக்கறதுக்கு வச்சிருப்பாங்களே கண்ணாடி மாதிரி டியூப்பு, அதுல ஒரு முழம் வாங்கி ஃபீட் பம்ப்புக்குள்ள போற ஓஸுக்கு பதிலா மாட்டுங்க, ரெண்டு பக்கமும் கிளிப் போட்டு. இன்ஜின் ஓடும்போது மினுக் மினுக்னு குமிழி ஓடுச்சுன்னா டேங்க் பக்கம்தான் ஓட்டை. காலைல வந்து பாக்கும்போது டியூப் காலியா இருந்தாலும் அதே கதைதான். டியூப்ல குமிழி இல்ல, ஆனாலும் ட்ரபிள் இருக்குன்னா டியூப்ப இன்னும் முன்னாடி, பம்ப்புக்குள்ள போற இடத்துக்கு நகத்துங்க. இன்னும் உறுதியா தெரியணும்னா அஞ்சு லிட்டர் கேன்ல சுத்தமான டீசல் ஊத்தி பம்ப்பு மட்டத்துக்கு மேல கட்டித் தொங்கவிட்டு அதுல இருந்து நேரா ஓஸ் குடுத்து ஒரு ராத்திரி விட்டுப் பாருங்க. காலைல ஒரே அடில கிளம்புச்சுன்னா பம்ப்பு, நாசில், கம்ப்ரஷன் எல்லாத்துக்கும் நல்ல சர்டிபிகேட் கிடைச்ச மாதிரி.

ஓட்டை வழக்கமா இருக்கற இடங்க: டேங்க் மேல ஓஸ் கிளிப்புக்கு அடில ரப்பர் வெடிச்சிருக்கும், கிளிப்ப நகத்துனாதான் தெரியும். சேஸிஸ் கிளாம்புல உரசி உரசி இரும்பு பைப்பு தேஞ்சு ஊசி ஓட்டை விழுந்திருக்கும், மேல கிரீஸும் மண்ணும் ஏறி மூடிருக்கும். கைப்பம்ப்போட உள்ரப்பர் தேஞ்சிருக்கும். நாசில்ல இருந்து திரும்பி வர்ற ரிட்டன் லைன்ல துணி பின்னுன சின்ன ஓஸ் காஞ்சு கெட்டியாகி இருக்கும், அத விரல்ல வளச்சா நொறுங்கும், விலை ரொம்பக் கம்மி, யாரும் மாத்த மாட்டாங்க. பேன்ஜோ போல்ட்டுல (டீசல் பைப்பு முனைய இறுக்கற, உள்ள ஓட்டை இருக்கற போல்ட்டு) போடற காப்பர் வாஷர், கழட்டும்போதெல்லாம் புதுசு போடணும், கிடைக்காத இடத்துல பழச நெருப்புல செவக்கக் காச்சி தண்ணில போட்டு எடுத்தா இளகிக் குடுக்கும், அது உண்மையாவே வேலை செய்யற பழைய வித்தை. வாஷர்ல நகம் தட்டற மாதிரி கோடு விழுந்திருந்தா மட்டும் அத தூக்கிப் போட்ருங்க.

எங்கயுமே ஓட்டை இல்ல ஆனா டீசல் ராத்திரில இறங்குதுன்னா ஃபீட் பம்ப்புல இருக்கற சின்ன வால்வு ரெண்டையும் கழட்டிப் பாருங்க. ஒரு தூசு நடுவுல உக்காந்தா போதும், திரும்பிப் போக வழி திறந்துரும். அதோட இன்லைன் பம்ப்புல ஓவர்ஃப்ளோ வால்வு (மிஞ்சின டீசல திருப்பி அனுப்பற வால்வு) ஸ்பிரிங் இளகியிருந்தா பம்ப்புக்குள்ள டீசல் அழுத்தம் நிக்காது, ஓடும்போது இழுவையும் கம்மியா இருக்கும், ரெண்டும் சேர்ந்து வந்தா இதுதான்.

லைன்ல சேர்ந்த ஏர வெளியேத்தற முறை எல்லாருக்கும் தெரியும், ஃபில்டர் ஸ்க்ரூவ லூஸ் பண்ணி கைப்பம்ப்பு அடிச்சு குமிழி நின்னதும் மூடணும், அப்புறம் பம்ப்பு ஸ்க்ரூ, கடைசியா நாசில் பக்கம் பைப்பு நட்டுங்கள கொஞ்சம் லூஸ் விட்டு செல்ஃப் அடிச்சு டீசல் எட்டிப் பாத்ததும் முடுக்கணும். கைய குறுக்க மட்டும் வைக்காதீங்க. நாசில் திறக்கறது 120ல இருந்து 250 பார் வரைக்கும் இருக்கும், அந்த அழுத்தத்துல பீச்சற டீசல் தோலத் தாண்டி உள்ள இறங்கிரும், வெளிய சின்ன புள்ளிதான் தெரியும், உள்ள விரலே போற அளவுக்கு ஆகும், உடனே ஆஸ்பத்திரி ஓடணும். காமன் ரெயில் வண்டில இந்த நட்டத் தொடவே தொடாதீங்க, அங்க அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேல.

இது வரைக்கும் காலைல மக்கர் பண்ற கதை. இதுக்கு நேர் எதிரா ஒரு கதை இருக்கு, காலைல சுளுவா கிளம்பும், லோடு இறக்கிட்டு அரை மணி நேரம் நிறுத்தி டீ குடிச்சுட்டு வந்தா வராது, ஒரு மணி நேரம் ஆறவிட்டா வரும். இங்கதான் பம்ப்பு மேல நியாயமா சந்தேகப்படலாம், முக்கியமா ரோட்டரி பம்ப்பு மேல. உள்ள இருக்கற ரோட்டரும் பிளஞ்சரும் தேஞ்சு இடைவெளி விழுந்திருக்கும், டீசல் ஆறியிருக்கும்போது கொஞ்சம் கெட்டியா இருக்கறதால அந்த இடைவெளில அவ்வளவா கசியாது, சூடானா தண்ணியா இளகி எல்லாம் உள்ளயே கசிஞ்சுரும், செல்ஃப் சுத்தற வேகத்துக்கு நாசில திறக்கற அழுத்தம் ஏறாது. பழைய மெக்கானிக்குங்க பம்ப்பு தலை மேல ஈரத்துணி போட்டு பத்து நிமிஷம் விட்டு அடிப்பாங்க, கிளம்புச்சுன்னா பம்ப்பு தேஞ்சிருச்சுன்னு உறுதி. துணி போடுங்க, பக்கெட் தண்ணிய தூக்கி ஊத்தாதீங்க, கொதிக்கற பம்ப்புல திடீர்னு குளிர் பட்டா உள்ள இறுகிப் புடிச்சுக்கும். அதே சமயம் சூடான செல்ஃப் மோட்டாரும் மெதுவா சுத்தும், அதனால துணி போடறதுக்கு முன்னாடி செல்ஃப் வேகத்த ஒரு தடவ பாத்துக்கங்க. கலப்பட டீசல், மண்ணெண்ணெய் கலந்தது எல்லாம் இந்தத் தேய்மானத்த சீக்கிரமா கொண்டு வந்து விடும், ஏன்னா இந்தப் பம்ப்புக்குள்ள வேற ஆயிலே கிடையாது, ஓடற டீசல்தான் ஆயில்.

மலைப்பக்கம் கதை கொஞ்சம் வேற. ஊட்டில ஜனவரி காலைல சைபர் டிகிரிய தொடும்போது மூணு தொல்லை ஒண்ணா வரும். பேட்டரி சக்தி குறையும், இன்ஜின் ஆயில் கெட்டியாகி செல்ஃப இழுத்துப் புடிக்கும், உள்ள போற காத்தே சில்லுன்னு இருக்கும். நாலாவதா ஒண்ணு இருக்கு, டீசல்ல இருக்கற மெழுகு. நம்ம நாட்டு டீசல் தரக் கணக்குல ஃபில்டர அடைக்கற குளிர் அளவு குளிர்காலத்துக்கு 6 டிகிரி, கோடைக்கு 18 டிகிரி வரைக்கும் இருக்கலாம்னு வச்சிருக்காங்க. மேட்டுப்பாளையத்துல டேங்க் ரொப்பிட்டு மேல ஏறி ராத்திரி நிறுத்துன வண்டில காலைல ஃபில்டர்ல மெழுகு கட்டுனா ஆச்சரியமில்ல. கிளம்பி கொஞ்ச தூரம் போய் இழுவை இல்லாம அமந்துரும், வெயில் ஏறினதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும். லடாக் மாதிரி இடத்துக்குன்னு 2019ல இந்தியன் ஆயில் மைனஸ் 33 டிகிரி வரைக்கும் தாங்கற தனி டீசலே கொண்டு வந்தாங்க, நம்ம நீலகிரிக்கு அதெல்லாம் வராது, மேலயே ரொப்பறது, ராத்திரி ஷெட்டுக்குள்ள நிறுத்தறது, ஃபில்டர்ல தண்ணிய அடிக்கடி திறந்து விடறது, இவ்வளவுதான்.

ஹீட்டர் பிளக்கு விஷயம் இன்ஜினப் பொறுத்தது. 1988ல வந்த டாடாமொபைல், பியூஜோ இன்ஜின் போட்ட பழைய மஹிந்திரா ஜீப்பு, இலங்கைல இன்னும் ஓடிக்கிட்டு இருக்கற டொயோட்டா ஹைலக்ஸோட 2எல், 3எல் இன்ஜின் இதெல்லாம் டீசல முதல்ல ஒரு தனிக் குழிக்குள்ள பீச்சற ஐடிஐ வகை. அந்தக் குழியோட சுவரு சூட்ட உறிஞ்சிரும், அதனால ஹீட்டர் பிளக்கு இல்லாம குளிர்ல கிளம்பாது. டிஐல டீசல் நேரா பிஸ்டன் தலை மேல விழுது, சூடு அவ்வளவா வீணாகாது, நிறைய பழைய டிஐ இன்ஜின்ல ஹீட்டர் பிளக்கே கிடையாது. அப்படி இல்லாத வண்டிக்கு ஹீட்டர் போச்சுன்னு பில் போட்டவங்களும் இருக்காங்க, என்னத்தச் சொல்ல. இருக்கற வண்டில டேஷ்போர்டு லைட்ட நம்பாதீங்க, அது டைமர் ஓடுதான்னுதான் காட்டும், பிளக்கு உயிரோட இருக்கான்னு காட்டாது. ஒவ்வொரு பிளக்கோட வயரையும் கழட்டி மீட்டர்ல பாருங்க, ஒரு ஓம் கிட்டயோ கீழயோ காட்டுனா சரி, ஒண்ணுமே காட்டலன்னா செத்துப் போச்சு. நாலுல ஒண்ணு போனா கிளம்பிரும், ஆனா முதல் ஒரு நிமிஷம் நொண்டும், வெள்ளப்புகை விட்டு அப்புறம் தெளியும்.

ஏர் ஃபில்டர் வாய்ல பெட்ரோல் நனச்ச துணி காட்டறது, ஈதர் இருக்கற ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கறது, இதப்பத்தி ஒரு வார்த்த. பெட்ரோல் ஆவியும் ஈதரும் பிஸ்டன் மேல வந்து சேர்றதுக்கு முன்னாடியே பாதி வழில வெடிக்கும். அந்த அடில ரிங் உக்கார்ற காடி உடையும், ரிங் உடையும், கம்ப்ரஷன் இன்னும் குறையும், அடுத்த தடவ இன்னும் நிறைய துணி வேணும். ஹீட்டர் பிளக்கு சூடா இருக்கற வண்டில அடிச்சா நெருப்பு வெளியவே வரும். கொஞ்ச நாள்ல துணி இல்லாம கிளம்பாத நிலைக்கு வந்த வண்டிய யாராவது விக்க வந்தா, விலை பேசறதுக்கு முன்னாடி ஏர் ஃபில்டர் டப்பாவ மோந்து பாருங்க.

இதெல்லாம் பாத்தும் தீரல, செல்ஃப் நல்லா சுத்துது, ஏர் இல்ல, வெள்ளப்புகை கொட்டுது, இன்ஜின் ஒருதடவ சூடாச்சுன்னா அப்புறம் ராத்திரி வரைக்கும் ஜம்முனு கிளம்புது. அப்ப கம்ப்ரஷன்தான். ஆனா போருக்குப் போகாதீங்க, முதல்ல டாப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அத அமுக்கற கைக்கும் நடுவுல இருக்கற சந்து) பாருங்க. வால்வு உக்காந்து உக்காந்து உள்ள இறங்கும், இடைவெளி போயிரும், வால்வு முழுசா மூடாம கசியும். அட்ஜஸ்ட் பண்ணாமலே வருஷக்கணக்கா ஓட்டுன வண்டி எத்தனையோ இருக்கு. அதுக்கு மேல நாசில் குழி வழியாவோ ஹீட்டர் பிளக்கு குழி வழியாவோ டீசலுக்குன்னு இருக்கற கம்ப்ரஷன் மீட்டர் மாட்டி அளக்கணும், பெட்ரோல் வண்டி மீட்டர் தாங்காது. நல்ல இன்ஜின் 400 பிஎஸ்ஐ பக்கம் காட்டும், 300க்கு கீழ வந்தா குளிர்ல கஷ்டம்தான், சிலிண்டருக்கு சிலிண்டர் பத்து சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது, சரியான நம்பர் அந்தந்த வண்டி மேனுவல்ல இருக்கும். பெட்ரோல் வண்டில பண்ற மாதிரி கொஞ்சம் ஆயில் ஊத்தி மறுபடி அளந்து ரிங்கா வால்வான்னு முடிவு பண்றது டீசல்ல நம்ப முடியாது, மேல இருக்கற இடமே கொஞ்சூண்டு, ஆயில் ஊத்தினாலே இடம் சுருங்கி நம்பர் ஏறிரும். அதுக்கு பதிலா இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியத் திறந்து பாருங்க, புகை ரயில் மாதிரி தள்ளுச்சுன்னா ரிங்கு.

கடைசியாத்தான் நாசிலும் பம்ப்பும். கிளம்பினப்புறம் ஓடற இன்ஜின்ல ஒவ்வொரு நாசில் நட்டா லூஸ் பண்ணிப் பாத்தா எந்த சிலிண்டர் வேலை செய்யலன்னு தெரியும், லூஸ் பண்ணியும் சத்தம் மாறலன்னா அதுதான் சோம்பேறி. அந்த நாசில மட்டும் கொண்டு போய் டெஸ்ட்டர்ல அடிக்கச் சொல்லி நீங்களும் கூட நின்னு பாருங்க, கிர்ர்னு அதிர்ந்து பனி மாதிரி தூவணும், குழாய்த் தண்ணி மாதிரி நூலா ஊத்தவோ மூக்குல சொட்டவோ கூடாது. பம்ப்பக் கழட்டினா கழட்டறதுக்கு முன்னாடி அது உக்காந்திருக்கற இடத்துல உளி வச்சு ஒரு கோடு போட்டுக்கங்க, திரும்ப மாட்டும்போது டைமிங் கொஞ்சம் பின்னாடி போச்சுன்னா வெள்ளப்புகையும் ஸ்டார்ட்டிங் ட்ரபிளும் புதுசா வந்துரும், அப்புறம் சர்வீஸ் பண்ணவன திட்டி பிரயோஜனமில்ல. நாசில் மாட்டும்போது அந்தக் குழிக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, பழைய காப்பர் வாஷர் பல நேரம் நாசிலோட வராது, கார்பன்ல ஒட்டிக்கிட்டு அடியிலயே கிடக்கும், அது மேல புது வாஷர் விழுந்தா நாசில் ஒரு வாஷர் உயரத்துக்கு மேலயே நிக்கும், டீசல் விழ வேண்டிய இடத்துல விழாது. ஒரு கம்பி முனைய லேசா வளச்சு உள்ள விட்டு கிளப்பி எடுத்துட்டு, குழிய துணி விட்டு துடைச்சப்புறம் புதுச போடுங்க.